மாநிலம் பிரிந்தால் தலைநகர் எது? அமராவதியும் விருதுநகரும் சொல்வது என்ன?

ஒரு மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ், அந்த மாவட்டத்துக்கு வெளியே இருந்தால் எப்படி இருக்கும்? சிவகாசிக்காரர்களுக்கு இது கற்பனை இல்லை.

1910-ல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் சிவகாசி இருந்தது. ஆனால் தலைமையிடம் மதுரை. கலெக்டரைப் பார்க்க சுமார் 70 கி.மீ. போக வேண்டும். 1985 மார்ச்சில் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு காமராஜர் மாவட்டம் உருவானது. இன்றைய விருதுநகர் மாவட்டம் அதுதான். சிவகாசியிலிருந்து தூரம் சுமார் 25 கி.மீ. ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் தேவைப்பட்டது மாநில அரசின் ஓர் அரசாணை மட்டுமே.

மாநிலத்துக்கும் இதே வழியா?

இல்லை. அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி, மாநிலத்தைப் பிரிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. ஆனால் தலைநகரை யார் முடிவு செய்வது என்று அரசியலமைப்பு நேரடியாகச் சொல்லவில்லை. சிக்கல் தொடங்குவதே இங்குதான்.

ஆந்திராவில் என்ன ஆச்சு?

2014 ஜூன் 2-ல் தெலங்கானா பிரிந்தது. ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, 10 ஆண்டுகளுக்கு மிகாமல் ஹைதராபாத் பொதுத் தலைநகராக இருக்கும் என்றது. அதன்பின் ஆந்திராவுக்குப் 'புதிய தலைநகர்' அமையும் என்றும் சொன்னது. 2014-ல் நிறைவேறிய அந்தச் சட்டத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இல்லை.

சந்திரபாபு நாயுடு அரசு அமராவதியைத் தேர்ந்தெடுத்தது. விவசாயிகள் 30,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தனர். 2019-ல் ஆட்சி மாறியது. ஜெகன்மோகன் ரெட்டி அரசு, விசாகப்பட்டினம், அமராவதி, கர்னூல் என மூன்று தலைநகரங்களுக்கு 2020-ல் சட்டம் கொண்டுவந்தது. போராட்டமும் வழக்குகளும் தொடர, 2021 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தலைநகரை மாற்ற மாநில சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2022 மார்ச் 3-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் நாயுடு மீண்டும் ஆட்சிக்கு வந்தபிறகே அமராவதி பணிகள் வேகமெடுத்தன.

பாதிப்பு யாருக்கு?

நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு ஈடாகக் கிடைப்பது, புதிய நகரில் மனையும் சில ஆண்டுகளுக்கான உதவித்தொகையும். தலைநகர் போய்விட்டால் அந்த மனைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

தலைமையிடம் என்பது ஊரின் அளவைப் பொறுத்ததும் இல்லை. சிவகாசி 2021-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் மாவட்டத் தலைமையிடம் இன்றும் நகராட்சியான விருதுநகர்தான். சிறிய பட்டாசு ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் தரும் உரிமத்துக்கும் அங்குதான் போகிறார்கள். இங்கே யாருக்கும் குழப்பமில்லை, காரணம் ஆணையில் ஊர்ப் பெயர் இருந்தது. ஆந்திராவில் விடுபட்டது அந்த ஒரு பெயர்தான்.