நிலத்தடி நீர் ஓட்ட மாதிரிகளின் தரவுத் துல்லியம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
நிலத்தடி நீர் மாதிரி ஆய்வில் ஈடுபட்டுள்ள நீரியலாளர்கள், பொறியாளர்கள் சங்கத்தின் செயற்குழு.

பெறுநர்:
நிலத்தடி நீர்த் தரவுகளைத் தொகுத்து வழங்கும் துறையின் உயர் அலுவலர்கள், தமிழ்நாடு.

பொருள்: மாதிரி மென்பொருளுக்குள் தரவை ஏற்றுவதிலும் முடிவுகளை வெளியே எடுப்பதிலும் நேரும் பிழைகளைக் களைய ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

நிலத்தடி நீர் ஓட்ட மாதிரி என்பது, நீரைத் தேக்கிக் கடத்தும் மணல், பாறை அடுக்குகளான நீர்தாங்கிகளைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் கணக்கிட்டு, நீர்மட்டம் எவ்வாறு மாறும் என்று கணிக்கும் முறையாகும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட மாட்ஃப்ளோ என்னும் மென்பொருள் இத்துறையில் உலகெங்கும் வழக்கில் உள்ளது. இத்தகைய மென்பொருள், வடிவம் பிழையான கோப்பை ஏற்க மறுத்து நின்றுவிடும்; ஆனால் வடிவம் சரியாக இருந்து பொருள் தவறாக உள்ள எண்ணைத் தடையின்றி ஏற்று, தவறான விடையையும் நேர்த்தியான வரைபடமாகவே தந்துவிடும். ஆதலால் துல்லியத்தைத் தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே உறுதிசெய்ய வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான நிலைப்பாடாகும்.

முதன்மையான சிக்கல் நீர்மட்டத்தின் அடிப்படை அளவைப் பற்றியது. களத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழம் என்று அளக்கப்படுகிறது. மாதிரிக்கோ கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பது தேவை. கிணற்றடியின் உயரம் நிலமட்ட அளவீட்டால் அறியப்படாதபோது செயற்கைக்கோள் உயரத் தரவே கைகொடுக்கிறது. அதில் சில மீட்டர் பிழை இருப்பது இயல்பு. கடல்நீர் உட்புகுந்துள்ள மீஞ்சூர் போன்ற கடலோரப் பகுதியில் இப்பிழை சிறியதன்று. நன்னீர், உவர்நீர் அடர்த்தி வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நிற்குமானால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். எனவே கிணற்றடி உயரத்தில் நேரும் 1 மீட்டர் பிழை, உவர்நீர் எல்லையை 40 மீட்டர் தவறாகக் காட்டிவிடக்கூடும்.

இரண்டாவது சிக்கல் இருப்பிட ஆயங்களைப் பற்றியது. மீட்டர் அளவில் இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில் தமிழ்நாடு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக் கோட்டால் 43, 44 என இரு மண்டலங்களாகப் பிரிகிறது. அமராவதி ஆற்றுப் படுகையில் தாராபுரம் ஒரு மண்டலத்திலும் கரூர் மறு மண்டலத்திலும் அமைவதால், மண்டல எண் குறிக்கப்படாத பட்டியலை அப்படியே ஏற்றினால், தாராபுரத்துக்குக் கிழக்கே உள்ள கரூர்க் கிணறுகள் அதற்குப் பல நூறு கிலோமீட்டர் மேற்கே போய் விழும். இப்பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பழைய நிலவரைபடங்களின் எவரெஸ்ட் கோளவுருவில் அமைந்த ஆயங்களை இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 ஆயங்களாகக் கொள்வதால் கிணறு நூறு மீட்டருக்கும் மேலாக நகர்ந்து அடுத்த கட்டத்தில் அமர்வது எளிதில் புலப்படாது.

இவற்றுடன், நீர் ஊடுருவிச் செல்லும் இயல்பைக் குறிக்கும் நீர்க்கடத்து திறன் நொடிக்கா நாளுக்கா என்று சொல்லப்படாவிட்டால் விடை 86,400 மடங்கு பிறழும். அளவீடு இல்லாத மாதத்தில் சுழியம் இடப்பட்டால், நீர் தரைமட்டத்துக்கே வந்துவிட்டதாக மென்பொருள் கொள்ளும். நாள், மாத வரிசை மாறினால் ஏப்ரல் மாத அளவீடு மார்ச் மாதக் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஊர்ப்பெயர்கள் புதிய கோப்புகளில் சிதைந்து, கிணற்றை அடையாளம் காணவே இயலாமல் போகிறது.

முடிவுகளை வெளியே எடுக்கும்போதும் இடர் உண்டு. வறண்டுபோன கட்டத்தைக் குறிக்க மென்பொருள் இடும் மிகப் பெரிய எதிர்ம எண்ணை நீக்காமல் சமமட்டக் கோடுகளை வரைந்தால், சுற்றியுள்ள பகுதியின் மட்டமும் கெடும். நீர் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான வேறுபாடு 1 விழுக்காட்டுக்குள் இருப்பது கணிதத் தீர்வு சரி என்பதற்கே சான்றாகும்; உள்ளே சென்ற எண்கள் மெய்யானவை என்பதற்கு அது சான்றாகாது.

மேற்கூறியவற்றைக் கருத்தில் கொண்டு, சங்கம் பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கிறது:

1. கண்காணிப்புக் கிணறுகள் அனைத்தின் அளவீட்டுப் புள்ளி உயரத்தையும், கடலோர வட்டங்களுக்கு முன்னுரிமை அளித்து, நிலமட்ட அளவீட்டால் நிர்ணயித்து வெளியிட வேண்டும்.

2. வழங்கப்படும் ஒவ்வொரு கோப்புடனும் அலகு, ஆய முறை, மண்டல எண், அளந்த நாள், அளந்த முறை ஆகியவற்றை விளக்கும் குறிப்பேடு இணைக்கப்பட வேண்டும்.

3. நாளை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் எழுதவும், விடுபட்ட அளவீட்டையும் வறண்ட கிணற்றையும் வெவ்வேறு குறிகளால் காட்டவும் ஆணையிட வேண்டும்.

4. ஊர்ப்பெயர்களை ஒருங்குறியில் மாற்றுவதோடு, ஒவ்வொரு கிணற்றுக்கும் என்றும் மாறாத அடையாள எண்ணை அளிக்க வேண்டும்.

5. திருத்திய தரவுடன் திருத்தப்படாத மூலத் தரவையும், திருத்தத்துக்கான காரணத்தையும் வழங்க வேண்டும்.

6. அரசின் முடிவுகளுக்கு அடிப்படையாகும் மாதிரிகளின் உள்ளீட்டுக் கோப்புகளை முழுமையாகப் பெற்று, மாதிரியைச் சரிசெய்யப் பயன்படுத்தாத கிணறுகளின் அளவீட்டோடு ஒப்பிட்ட பின்னரே அவற்றை ஏற்க வேண்டும்.

இவற்றுள் பெருமளவு களச் செலவு பிடிப்பது முதல் கோரிக்கையே; ஏனையவை பெரும்பாலும் அலுவலக ஒழுங்கினாலேயே நிறைவேறக் கூடியவை. மாதிரி காட்டும் விடையை நம்பி ஓர் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி மறுக்கப்படுமானால், அதனால் பயிரை இழக்கும் உழவருக்கு அந்த விடையின் அடிப்படையைக் கேட்டறியும் உரிமை உண்டு. அவருக்குக் காட்டத்தக்க சான்றாக அரசின் தரவு விளங்க வேண்டும். எனவே இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து, சங்கத்தின் பிரதிநிதிகளைக் கலந்தாய்வுக்கு அழைத்து, காலவரையறையுடன் கூடிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்