கேஏ நம்பர் கார் ஏன் இவ்வளவு மலிவு? பணம் கொடுக்கும் முன் தர்மபுரிக்காரர்கள் கேட்க வேண்டியது

‘கேஏ வண்டி, சிங்கிள் ஓனர், 52 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, என்ஓசி ரெடி.’

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் கார் வாங்கும் ஆசையோடு ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும். கூடவே பளபளவென்று நாலு போட்டோ. விலையைப் பார்த்தால் நம்ம ஊர் விலையை விட அறுபதாயிரம், எழுபதாயிரம் கம்மி. பெங்களூரு என்ன தூரமா? என்எச் 44-ல் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் சாயங்காலம் காரோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை அங்கே ஒரு கார் கன்சல்டிங்கில் 4.10 லட்சத்துக்கு முடித்தார். இங்கே அதே வருட மாடலுக்கு 5 லட்சத்தை ஒட்டிக் கேட்டார்கள். முழுப் பணத்தையும் கொடுத்தார். கையில் கிடைத்தது கார், ஆர்சி, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபார்ம்கள், அப்புறம் ஒரு வாக்குறுதி: “என்ஓசி ரெண்டு வாரத்துல கூரியர்ல வந்துரும் தம்பி, கவலையே படாதீங்க.”

எட்டு மாதம் ஆகியும் வரவில்லை. வராது என்பது விற்றவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஆர்சியில் ஒரு வங்கியின் கடன் இன்னும் அப்படியே நின்றிருந்தது.

இம்போர்ட்டட் கார் என்றால் நமக்கு ஜெர்மனி, ஜப்பான் ஞாபகம் வரும். தர்மபுரிக்காரருக்கு நடைமுறையில் ‘இறக்குமதி’ என்பது அத்திப்பள்ளியைத் தாண்டி வருவதுதான். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு டெல்லி. எல்லையைத் தாண்டிய கார் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் அந்த எழுபதாயிரம், பெரும்பாலும் காரில் இருந்து குறைந்தது அல்ல. காகிதத்தில் இருந்து குறைந்தது. முடிக்க வேண்டிய காகித வேலையை முடிக்காமல் உங்கள் தலையில் கட்டுவதற்கான தள்ளுபடி அது.

என்ஓசி என்பது வெறும் கடிதம் இல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக பழைய ஆர்டிஓ தடையில்லாச் சான்று தர வேண்டும். அதற்கான விண்ணப்பம் 28-ம் எண் படிவம். வரி பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வண்டி திருட்டு வழக்கில் சிக்கியிருக்கிறதா என்று போலீஸ் அறிக்கை வாங்குவார்கள். கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். 30 நாளுக்குள் தரவோ மறுக்கவோ வேண்டும் என்பது சட்டம்.

அப்படியென்றால் என்ஓசி கையில் இருக்கிறது என்பதன் அர்த்தம் என்ன? திருட்டு, வரி, கடன் என மூன்று கேள்விகளுக்கும் அரசே பதில் சொல்லிவிட்டது என்று அர்த்தம். என்ஓசி ‘வந்துரும்’ என்றால் அந்த மூன்றுக்கும் இன்னும் பதில் இல்லை. முழுப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், பரீட்சை ரிசல்ட் வரும் முன்னே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர்.

இன்னொரு வசனமும் அடிக்கடி காதில் விழும். “ஒரு வருஷம் கேஏ நம்பர்லயே ஓட்டிக்கலாம் சார், சட்டமே சொல்லுது.” பாதி உண்மை. 47-வது பிரிவு சொல்லும் 12 மாதம், பதிவெண்ணை மாற்றுவதற்கான கால அளவு. பெயர் மாற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 50-வது பிரிவின்படி வாங்கியவர் 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றவருக்கு 45 நாள்.

இந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை விற்பவர்களும் உணர்வதில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டு விஷயத்தில் உரிமையாளர். உங்கள் பழைய காரை கன்சல்டிங்கில் விட்டு, வெறும் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே, அது இப்போது தொப்பூர் கணவாயில் யாரை இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

2023-ல் வந்த விதி, யாரும் கேட்காத சான்று

இதற்காகவே ஒரு விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் செய்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர், பதிவு அதிகாரியிடம் 29ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 29பி என்ற அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் தன் காரை டீலரிடம் ஒப்படைத்தால், அதை 29சி படிவம் மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிடத்தில் இருந்து, சட்டத்தின் பார்வையில் டீலர்தான் உரிமையாளர். என்ஓசி, டூப்ளிகேட் ஆர்சி, எஃப்சி, பெயர் மாற்றம் என எதற்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வண்டி எங்கெல்லாம் போனது என்று மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும்.

படித்துப் பாருங்கள். நம்ம பாலக்கோட்டுத் தம்பியின் பிரச்சினை மொத்தமும் இதில் அடங்கிவிடும். “ஃபர்ஸ்ட் ஓனர் போன் எடுக்க மாட்டேங்குறாரு தம்பி” என்ற சாக்கே சொல்ல முடியாது. ஏனென்றால் 29சி போட்டிருந்தால் ஓனரே டீலர்தான்.

ஆனால் கடைக்குப் போய் “அண்ணா, 29பி சர்டிபிகேட் காட்டுங்க” என்று கேட்டவர் யாராவது உண்டா? நானும் அந்த விதியைப் படிக்கும்வரை கேட்டதில்லை. வாங்குபவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறோம். ஒரு விதியைப் போட்டுவிட்டு அதைப் பற்றி ஜனங்களுக்குச் சொல்லாமல் விட்டால், ஜாக்கிரதையாக இருப்பது எப்படி? தர்மபுரி ஆர்டிஓ அலுவலக வாசலில், அரூர், பாலக்கோடு அலுவலகங்களில், அங்கீகாரம் பெற்ற டீலர்களின் பெயர்களை ஒரு போர்டில் எழுதி வைக்கலாம். அதற்கு ஆப் எதுவும் வேண்டாம், பெயின்ட் போதும். ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு எல்லாம் ஒரே சந்தையாக இருக்கும்போது, இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் இதைச் சேர்ந்து செய்வதில் என்ன சிரமம்?

நிஜமான வெளிநாட்டு வண்டியில் நடந்த கதை

காகிதத்தை நம்பி ஏமாறுவது நாலு லட்ச ரூபாய்க் காரோடு நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வாகனம். பூட்டானில் இருந்து சொகுசு வண்டிகளை முறைகேடாக உள்ளே கொண்டுவந்து, போலி ஆவணங்களால் இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மலையாளத் திரைப் பிரபலங்கள் சிலரின் வீடுகளிலும் சோதனை நடந்தது. கோவையை மையமாகக் கொண்ட ஒரு கும்பலுக்கு இதில் தொடர்பு என்று விசாரணை அமைப்புகள் சொல்லின.

இந்தியாவில் பழைய காரை இறக்குமதி செய்வதற்கு விதி மிகக் கடுமை. தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டீயரிங் வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், சுங்க வரி வேறு விலையைத் தாண்டிப் போகும். ஆக, பத்து வருடப் பழைய வெளிநாட்டு ஜீப் ஒன்று ஏதோ ஒரு மலை மாநில நம்பரோடு மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது எந்த வழியாக வந்தது என்ற கேள்விக்கு நல்ல பதில் இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கேயும் ஆர்சி இருந்தது, என்ஓசி இருந்தது. அதற்கு முந்தைய காகிதம்தான் பொய் என்கிறார்கள்.

இலங்கையில் ஜப்பானில் இருந்து வரும் ‘ரீகண்டிஷன்’ கார் வாங்குபவர்கள் முதலில் கேட்பது ஏல அட்டையை. வண்டி எவ்வளவு ஓடியது, எங்கே அடிபட்டது என்று ஏலக்கூடம் பரிசோதித்து எழுதிய தாள் அது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. கிடைப்பது கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு மட்டும். வண்டி நம்பரைச் சொல்லி, கடைசி சர்வீஸில் மீட்டர் என்ன காட்டியது என்று விசாரித்துவிடுங்கள். 2021-ல் 88 ஆயிரம் காட்டிய கார் இன்று 52 ஆயிரம் காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டால்

கேஏ கார் தர்மபுரிக்கு வந்து டிஎன் 29 ஆக மாற, இங்கே லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் இருந்து புதுக் கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்ப இது குறையும். ஆனால் நீங்கள் பேரம் பேசி முடித்த விலையை வைத்து வரி போடுவதில்லை. இதோடு இன்சூரன்ஸ் பெயர் மாற்றம், ஏஜென்ட் கூலி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு லீவு. கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்ப வாங்கலாமே என்று டீலர் சொல்வார். கேட்கலாம்தான். அந்தப் பணத்தை மட்டும் கையில் இருப்பதாக நினைத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

‘ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி’ என்று மொத்த விலைக்கும் போட்டு ரசீது நீட்டினால் நிறுத்திக் கேளுங்கள். பழைய கார் வியாபாரத்தில் அந்த 18 சதவீதம் டீலரின் லாபத்துக்கு, அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான்.

டெல்லி வண்டி ஏன் இன்னும் மலிவு என்பதற்குக் காரணம் வேறு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உத்தரவுகளால் அங்கே 10 வருடத்துக்கு மேலான டீசல், 15 வருடத்துக்கு மேலான பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2025 ஜூலையில் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பயத்தில் விற்பவர்களின் கார்களில் நல்லதும் உண்டு. ஆனால் எட்டு வருட டீசல் காரை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பார்த்து, என்ஓசிக்காக மறுபடி ஒருமுறை போய் வரும் செலவைக் கூட்டினால் நம்ம ஊர் விலை பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

பெங்களூரு வண்டியில் தனியாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். 2022 செப்டம்பர் மழையில் அங்கே சொகுசு வில்லாக்களில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை டிவியில் பார்த்தோம். சென்னையில் 2015, 2023 வெள்ளங்கள். மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விடும், அவை எங்கேயோ ஒரு கன்சல்டிங்கில் ஏறும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, மேட்டுக்குக் கீழே மட்கிய வாடை இதெல்லாம் காட்டிக் கொடுக்கும். உள்ளே ஏறியதும் ஏர் ஃப்ரெஷ்னர் வாசம் தூக்கலாக அடித்தால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், உட்கார்ந்த இடத்தில் இருந்தே எம்பரிவாகனில் நம்பரைத் தட்டினால் எத்தனையாவது ஓனர், கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் அபராத பாக்கியையும் நம்பரை வைத்தே பார்க்கலாம். நம்ம தம்பி அந்த நாளில் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

பணம் போன பிறகு

“பெங்களூருக்குப் போய் கேஸ் நடத்த முடியுமா?” என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அந்த அலுப்பை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பயணத்தை மிச்சப்படுத்திவிட்டது. டீலர் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்கு உட்பட்ட மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

ஆனால் ஆதாரம் வேண்டும். பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்து, ரசீதே வாங்காமல் வந்திருந்தால் ஆணையம் என்ன செய்யும்? வங்கி வழியாகப் பணம், கடையின் பெயர் போட்ட ரசீது, ‘என்ஓசி இந்தத் தேதிக்குள் தருகிறேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்புகிறேன்’ என்று எழுத்தில் ஒரு வரி. அதை எழுதித் தரத் தயங்குபவரிடம் டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுக்க வேண்டாம். முடிந்தால் என்ஓசி வரும்வரை ஒரு பெரிய தொகையை நிறுத்தி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

பாலக்கோட்டுத் தம்பியிடம் அந்த வாய்ஸ் மெசேஜ்கள் பதினேழு இருக்கின்றன. பணமும் யுபிஐயில் போனது. போன மாதம் புகார் போட்டிருக்கிறார். நோட்டீஸ் அனுப்ப முகவரி சரிபார்க்க பெங்களூரு போனவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அதே கட்டடம், அதே ஷட்டர், அதே இடத்தில் வரிசையாக கார்கள். போர்டில் மட்டும் கடையின் பெயர் மாறியிருந்தது.