பழைய வண்டியும் பழைய பெயரும்

தாராவியில் வசிக்கும் அன்பர் ஒருவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு ஓட்ட விரும்புவதாகவும், அதைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார். நாம் யந்திர சாஸ்திரம் பயின்றவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங் கழித்து வருகிறோம். ஆயினும் 2024-இல் நாமே அத்தகைய வண்டி ஒன்றை வாங்கி, இன்பமும் துன்பமும் ஒருங்கே எய்தினோம். அந்த அநுபவத்தையே இங்குச் சொல்லுகிறோம்.

நாம் நாடியது புல்லட். அதற்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கூடி, என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயரில் தொழில் தொடங்கிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அக்கம்பெனி மறைந்துவிட்டது. திருவொற்றியூரிலோ வண்டி தொடர்ந்து உருவாகி வந்தது. பிறந்த வீடு பூட்டிக் கிடக்க, புகுந்த வீட்டில் பேர் விளங்கிய பெண்ணைப் போன்றது புல்லட்டின் கதை. பல்லாண்டுக் காலம் அதன் அமைப்பு பெரிதும் மாறாதிருந்ததால், பழைய வண்டிக்கு வேண்டிய உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. சொற்ப வருமானக்காரர்க்கு இது பெரிய சௌகரியம்.

செம்பூரில் ஒரு வீட்டு மாடிப்படியின் கீழ் 1986-ஆம் ஆண்டு வண்டி ஒன்று நிற்பதாகத் தரகர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தோம். உடையவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவியும் மணமாகாத மகளும் இருந்தார்கள். ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. 2021-இல் அவர் அதைப் புதுப்பித்திருந்ததால் தகுதிக் காலம் மட்டும் எஞ்சியிருந்தது.

தரகர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றார். "இதற்கெல்லாம் அலைய வேண்டாம், சார். 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் அவர் கையெழுத்தைப் போலவே போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. விலையிலும் ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன்" என்றார். ஒரு கணம் நம் மனமும் சஞ்சலப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அதற்குள் அந்த அம்மையார் காப்பியுடன் வந்து, பேச்சின் வால் காதில் விழுந்தது போலும், "தம்பி, அவர் போட வேண்டிய கையெழுத்தை வேறே யார் போடுவது?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரியாமல்தான் கேட்டார். நமக்கோ தலை நிமிரவில்லை.

முறையான வழி இதுதான். உடையவர் காலமானால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, வாரிசு முப்பது நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, 31-ஆம் படிவத்தின் மூலம் தம் பெயருக்கு வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அவர் 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பமிட்டுப் பிறர்க்கு விற்கலாம். அம்மையார் காலம் தாழ்ந்துவிட்டதால் தண்டத் தொகையும் செலுத்த நேர்ந்தது. மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று மூன்று மாதங்கள் கழிந்தன. அலைச்சலில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்கு விடை கூறும். ஒருவர் 2007-இல் தம் காரை விற்றுவிட்டார். பெயர் மாற்றம் நடைபெறவில்லை. கார் பல கை மாறிற்று. 2009-இல் அது மோதி ஓர் உயிர் போயிற்று. காருக்கு இன்ஷ்யூரன்ஸும் இல்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உடையவர். நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிபதிகள் தீர்த்துவிட்டார்கள். ஆகவே பெயர் மாற்றாமல் வாங்குகிறவனைவிட, மாற்றாமல் விற்கிறவனுக்கே ஆபத்து அதிகம். தரகர் சொன்னபடி நடந்திருந்தால், பொய்க் கையெழுத்துக் குற்றத்தோடு, ஏதும் அறியாத அந்தக் குடும்பத்தையும் வழக்கில் இழுத்து விட்டிருப்போம்.

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் ஊரோடு போகும்போது வண்டியைத் தம்பியிடம் விட்டுச் செல்வான். தம்பி மைத்துனனுக்குக் கொடுப்பான். மைத்துனன் பக்கத்துக் குடித்தனக்காரருக்கு விற்பான். புத்தகத்தில் மட்டும் அண்ணன் பெயர் அப்படியே இருக்கும். சொந்தத்துக்குள் காகிதம் எதற்கு என்பார்கள். சொந்தம் நிலைக்க வேண்டுமானால் காகிதம் அவசியம் என்பதே நம் கட்சி.

இனி யந்திரத்துக்கு வருவோம். முதலில் எஞ்சின் எண்ணையும் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அராவிய எண் உள்ள வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் தொடலாகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சூடாக்கி வைத்துக் காட்டுவது வியாபாரத் தந்திரம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கும். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி; கார்ப்பரேட்டரைச் சீர்செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டை தேயாதிருந்தாலும் வயதான ரப்பரை நம்பக் கூடாது.

நம் வண்டி நீலப் புகை கக்கிற்று. மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நமக்குப் பழக்கமானவர்கள் உண்டு. ஆனால் சர்க்கார் யந்திரத்தில் சொந்த வேலை செய்விப்பது முறையன்று. குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் கூலி கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டோம். இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்றதால் டாங்க்கினுள் துரு ஏறியிருந்தது. அதைக் கழுவி உலர்த்தினோம். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். அவற்றைப் புதிதாக மாற்றினோம். டாங்க்கில் பெட்ரோலை மாதக் கணக்கில் தேக்கி வைப்பதையும் தவிர்க்கிறோம்.

செலவில் ஒரு வரிசை வேண்டும். பிரேக், டயர், மின்கம்பிகள் முதலில், எஞ்சின் அடுத்து, வர்ணமும் குரோமிய மெருகும் கடைசியில். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விலை ரூ. 62,000, செப்பனிட ரூ. 34,000 ஆயிற்று. வாங்கும் விலையில் பாதியைத் தனியே எடுத்து வைக்க இயலாதவர் பழைய வண்டியை வாங்காதிருப்பதே சிலாக்கியம்.

மற்றோர் எச்சரிக்கை. அக்காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். பிற வண்டிகளில் பழகியவர் அவசரத்தில் வலக்காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியரே மாறும். வீட்டுப் பிள்ளைகள் சாவியை எடுக்குமுன் இதை அவர்கள் காலுக்குப் பழக்கிவிட வேண்டும். நாமே ஆள் நடமாட்டமற்ற சாலையில் ஒரு மாதம் பழகினோம்.

வண்டியை ஊருக்கு ரயிலில் அனுப்புவோர், டாங்க்கில் ஒரு சொட்டும் இல்லாமல் பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் பார்சல் ஆபீசுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருப்பதானால், 28-ஆம் படிவத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று, அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து, இன்ஷ்யூரன்ஸும் நம் பெயருக்கு மாறிய பின், வண்டியைச் செம்பூருக்கு ஓட்டிச் சென்றோம். சத்தம் கேட்டு மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மையார் இறங்கி வந்தார். வண்டியை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. நம் பெயர் பொறித்த புதிய பதிவு அட்டையை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "சரி தம்பி, இனிமேல் இது உங்கள் பொறுப்பு" என்று திருப்பிக் கொடுத்தார்.

தாராவி அன்பர்க்கு நாம் சொல்லக் கூடியதும் அதுவே. வண்டியைப் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவர் எஞ்சினைத் திறக்குமுன், நீங்கள் புத்தகத்தைத் திறந்து அதிலுள்ள பெயரைப் படித்துவிடுங்கள்.