ஸ்டார்ட் பட்டனை நகர்த்துமுன் எங்களைக் கேளுங்கள்: கணினிப் பயனாளர் கோரிக்கைச் சாசனம்

இயங்குதளங்களை வடிவமைக்கும், விற்கும், புதுப்பிக்கும் நிறுவனங்களுக்கு, குறிப்பாக விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டுக்கு:

கணினியை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் அடிக்கிறவர்கள், டிடிபி கடைக்காரர்கள், டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள், இ-சேவை மையத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பவர்கள், பள்ளி அலுவலக எழுத்தர்கள். எங்களில் பெரும்பாலோர் கணினி அறிவியல் படித்தவர்கள் அல்ல. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்து, பிறகு சி.ஓ.ஏ. தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தவர்கள். எது எங்கே இருக்கிறது என்பதை எங்கள் தலை மறந்தாலும் கை மறக்காது. பக்கத்துக்கு இவ்வளவு என்று நாங்கள் வாங்கும் கூலி அந்தக் கையின் வேகத்துக்குத்தான். கடையில் எங்கள் முதல் என்று சொல்லிக்கொள்ள, ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் போக, மிச்சம் இருப்பது அந்தப் பழக்கம். அதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே இரவில், ஒரு அப்டேட்டில் செல்லாக்காசு ஆக்குகிறீர்கள் என்பதே எங்கள் புகார்.

நடந்ததை முதலில் பதிவு செய்துவிடுகிறோம்.

1995 ஆகஸ்ட் 24-இல் வெளிவந்த விண்டோஸ் 95, திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டனை வைத்தது. எக்ஸ்பி வந்தது, விஸ்டா வந்தது, விண்டோஸ் 7 வந்தது. நிறம் மாறியது, உருவம் மாறியது, மூலை மாறவில்லை. மூலைக்கு ஒரு வசதி உண்டு. மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் அம்பு திரையின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். குறி பார்க்கவே வேண்டாம். இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை அதை விரைவாக எட்டும் என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். திரை வடிவமைப்பு படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடம் அது. எங்களுக்குப் பாடம் தெரியாது, பலன் தெரியும்.

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வந்தது. பட்டனே இல்லை. கணினியை அணைக்க வேண்டுமானால் வலது மூலைக்கு மவுஸைக் கொண்டுபோய், பக்கவாட்டிலிருந்து நீளும் சார்ம்ஸ் பட்டையில் செட்டிங்ஸைத் தொட்டு, அதில் பவர், அதற்குள் ஷட் டவுன். ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்து வருகிறது என்று பயன்பாட்டுத் தரவைக் காட்டி நியாயம் சொன்னீர்கள். நாளுக்கு ஒரு முறை மட்டும் அழுத்தும் பட்டன் தேவையில்லாத பட்டன் என்று எந்தத் தரவு சொல்லும்? 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் திரும்பியது, அதற்குள் இருந்த மெனு திரும்பவில்லை. அது 2015 ஜூலையில் விண்டோஸ் 10-உடன்தான் வந்து சேர்ந்தது. அதுவரை கிளாசிக் ஷெல் போன்ற வெளியார் மென்பொருள்களைப் போட்டுச் சமாளித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஸ்டார்ட்8 என்ற மென்பொருள், எடுத்துவிட்ட மெனுவைக் காசுக்கு விற்றது. நீங்கள் தூக்கிப் போட்டதை இன்னொருவர் விற்றுப் பிழைக்கும் அளவுக்கு அதற்குத் தேவை இருந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வந்தது. ஆகவே இந்தக் கோரிக்கைகள்.

ஒன்று. இருப்பதை நகர்த்தாதீர்கள், வேண்டியதைச் சேருங்கள்.

விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டன் டாஸ்க்பாரின் நடுவுக்கு வந்தது. நடு என்றால் நிலையான நடுகூட இல்லை. புரோகிராம்கள் கூடக் கூட ஐகான் வரிசை இரண்டு பக்கமும் விரிகிறது, பட்டன் இடதுபக்கம் தள்ளிப்போகிறது. மூடினால் திரும்பி வருகிறது. காலையில் இருந்த இடத்தில் மதியம் இல்லை. செட்டிங்ஸில் போய் இடதுபக்கம் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொண்டோம். ஆனால் வழக்கமாக இருந்ததைத் திரும்பப் பெற நாங்கள் ஏன் தேடி அலைய வேண்டும்? புது அமைப்பு வேண்டுமென்பவர் போய் மாற்றிக்கொள்ளட்டும்.

புதியது எல்லாமே எங்களுக்குக் கசப்பு என்று எண்ண வேண்டாம். 2018-இல் விண்டோஸ் பட்டனோடு வி அழுத்தினால் இதுவரை காப்பி செய்தவை வரிசையாக வரும்படி செய்தீர்கள். ஒரே பத்திரத்தில் சர்வே எண்ணையும் சொத்து விவரத்தையும் மாறிமாறி ஒட்டுகிறவருக்கு அது வரம். ஃபைல் எக்ஸ்புளோரரில் டேப் வந்ததும், திரையைப் பங்கு பிரித்து நான்கு ஜன்னல் வைக்க வழி வந்ததும் அப்படித்தான். இவை எதையும் இடம்பெயர்க்காமல் வந்தவை. இப்படி எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள்.

இரண்டு. எடுத்ததை இரண்டு வருடம் கழித்துக் கொடுத்துவிட்டு, புது வசதி என்று அறிவிக்காதீர்கள்.

டாஸ்க்பாரில் ஒவ்வொரு ஜன்னலும் தன் பெயரோடு தனித்தனியாக நிற்கும்படி விண்டோஸ் 10-இல் வைத்துக்கொள்ள முடிந்தது. விண்டோஸ் 11 அதை எடுத்துவிட்டது. இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர் ஒரு முகூர்த்த நாளில் பத்திரம் அடிக்கும் கடைக்கு வந்து நிற்க வேண்டும். ஐந்து பேருடைய கிரையப் பத்திரம் ஐந்து வேர்டு ஃபைலாகத் திறந்திருக்கும். ஐந்துக்கும் தொடக்கம் ஒன்று, பத்தி அமைப்பு ஒன்று. பெயர் எழுதிய பட்டைகள் இருந்தால் முருகேசன் ஃபைலை ஒரே கிளிக்கில் எடுக்கலாம். எல்லாம் ஒரு வேர்டு ஐகானுக்குள் அடங்கிவிட்டால் மவுஸை அதன்மேல் நிறுத்த வேண்டும், சின்னப் படங்கள் வர வேண்டும், அதில் எது யாருடையது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் பத்திரத்தில் இன்னொருவரின் நான்கெல்லை ஏறினால் யார் பதில் சொல்வது? வாடிக்கையாளர் கையில் பதிவு அலுவலக டோக்கன் இருக்கிறது, அதில் நேரம் போட்டிருக்கிறது.

அந்த வசதி 2023 இறுதியில் திரும்பியது. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போய் டாஸ்க்பாரில் உள்ள புரோகிராமின் மேல் விடும் வசதியையும் இப்படியே எடுத்து 2022-இல் திருப்பித் தந்தீர்கள். இரண்டையும் மகிழ்ச்சியோடு அறிவித்தீர்கள். புதுப் பதிப்பை வெளியிடும் நாளில், பழைய பதிப்பில் இருந்து எவையெவை இல்லை என்ற முழுப் பட்டியலை நிறுவும் திரையிலேயே, எங்கள் மொழியிலேயே காட்டுங்கள். பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

மூன்று. எழுத்தை எடுத்துவிட்டுப் படம் மட்டும் வைக்காதீர்கள்.

ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி, பேஸ்ட், ரீநேம், டிலீட் என்று வார்த்தைகளாக இருந்தவை விண்டோஸ் 11-இல் வெறும் சின்னங்களாக ஒரே வரிசையில் சுருங்கின. மெனு கீழ்நோக்கித் திறந்தால் அந்த வரிசை மேலே இருக்கும், மேல்நோக்கித் திறந்தால் கீழே. பகிர்வதற்கான சின்னமும் அழிப்பதற்கான குப்பைத்தொட்டியும் அடுத்தடுத்து. மற்றதெல்லாம் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள். அதைத் தட்டினால் வருவது அதே பழைய மெனு! முன்பு ஒரு கிளிக், இப்போது இரண்டு. அலங்காரம் தவிர வேறென்ன கிடைத்தது? 2024-இல் சின்னங்களுக்குக் கீழே பெயர் எழுதினீர்கள், நன்றி. அதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதை நாற்பது வயது தாண்டிய எந்தத் தட்டச்சரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

நான்கு. ஒரு வீட்டைக் காலி செய்து முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

கன்ட்ரோல் பேனலிலிருந்து செட்டிங்ஸுக்குக் குடிபெயரும் வேலை 2012-இல் தொடங்கியது. இன்னும் பாதிச் சாமான் பழைய வீட்டில் கிடக்கிறது. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்கும் வழியைப் பாருங்கள்: செட்டிங்ஸ், அதில் டைம் அண்டு லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்டு ரீஜன், அங்கே தமிழுக்கு எதிரே மூன்று புள்ளிகள், அதைத் தட்டினால் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ், அதற்குள் கீபோர்டு பகுதி, அதில் ஆட் எ கீபோர்டு. அந்த மூன்று புள்ளிகளைத் தட்டலாம் என்பதே பலருக்குத் தெரியாமல், ஆள் வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தாய்மொழியில் எழுதுவதற்கான வழி மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. பதிப்புக்குப் பதிப்பு இந்த வழியையும் மாற்றினால், பயிலகத்தில் சொல்லித்தருபவர் எதைப் பலகையில் எழுதிப்போடுவார்?

ஐந்து. கீபோர்டில் கை வைக்காதீர்கள்.

எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம் என்பது 1995-இல் இருந்து இன்றுவரை மாறவில்லை. கன்ட்ரோல் சி மாறவில்லை. மாற்றாமல் இருக்க உங்களால் முடியும் என்பதற்கு இவையே சாட்சி. ஆனால் விண்டோஸ் பட்டனோடு சி என்ற கூட்டைப் பாருங்கள்: விண்டோஸ் 8-இல் சார்ம்ஸ், விண்டோஸ் 10-இல் கோர்ட்டானா, விண்டோஸ் 11-இல் முதலில் டீம்ஸ் அரட்டை, பிறகு கோபைலட். அந்தந்த ஆண்டில் நிறுவனம் எதை விற்க நினைத்ததோ அதற்கு அந்த விசை. 2024 ஜனவரியில் கோபைலட்டுக்கு என்றே தனி விசையை அறிவித்தீர்கள். புது மடிக்கணினிகள் பலவற்றில் அது மெனு விசையின் இடத்திலோ வலது கன்ட்ரோலின் இடத்திலோ உட்கார்ந்திருக்கிறது. திரைவாசிப்பு மென்பொருளோடு வேலை செய்யும் பார்வையற்ற தோழர்களுக்கு மெனு விசைதான் ரைட் கிளிக். அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை டேப், எத்தனை முறை கீழ் அம்பு என்று எண்ணி வேலை செய்கிறார்கள். இடையில் நீங்கள் ஒரு பட்டனைச் செருகினால் எங்களுக்கு எரிச்சல், அவர்களுக்கு எண்ணிக்கையே தப்பிப்போகிறது. எந்த மாற்றமும் வெளியாகுமுன் அவர்கள் கையில் கொடுத்துச் சோதித்தாக வேண்டும். இதில் பேரம் இல்லை.

ஆறு. ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் வேண்டாம். 2024-இல் பரிந்துரை என்ற பெயரில் ஸ்டோர் ஆப்களை அங்கே காட்டத் தொடங்கினீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளில் கடைபோட உங்களுக்கு உரிமை இல்லை.

ஏழு. பாதுகாப்பையும் தோற்றத்தையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

மேலே சொன்ன ஆறையும் விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டோம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. அதன் பிறகு தனிப்பயனாளர் இன்னும் ஓராண்டு பாதுகாப்பு பெற மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளை இணைக்க வேண்டும், அல்லது உங்கள் வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்க வேண்டும், அல்லது 30 டாலர் கட்ட வேண்டும் என்றீர்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டி.பி.எம். 2.0 சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? அல்லது வாடிக்கையாளரின் ஆதார் நகலும் பத்திர நகலும் கிடக்கும் கணினியைப் பூட்டில்லாமல் வைத்திருக்கச் சொல்கிறீர்களா? பூட்டைச் சரிசெய்வது ஒரு வேலை, சுவரை இடித்துக் கட்டுவது வேறு வேலை. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைத் தனியாகவும், தோற்றத்தை மாற்றும் அப்டேட்டைத் தனியாகவும் அனுப்புங்கள். முதலாவதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வோம். இரண்டாவதை எங்களுக்குக் கை ஒழியும் மாதத்தில், எங்கள் சம்மதத்தோடு போடுங்கள். பிடிக்காவிட்டால் பழைய தோற்றத்துக்குத் திரும்ப வழியும் வையுங்கள்.

இந்தச் சாசனம் மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். ஆப்பிள் 2025 செப்டம்பரில் கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தைக் கொண்டுவந்தது. பின்னணி ஊடுருவி எழுத்து தெளிவாக இல்லை என்று பலர் சொன்ன பிறகு, சில வாரங்களில் வந்த ஓர் அப்டேட்டிலேயே மங்கலைக் கூட்டும் தேர்வை வைத்தது. வேகமாகக் கேட்டது, அதுவரை பாராட்டலாம். 2011-இல் லினக்ஸ் உலகில் கினோம் 3 வந்து பழைய திரையைக் கலைத்தபோது நடந்தது எங்களுக்குப் பொறாமை தருகிறது: மூல நிரல் கையில் இருந்ததால், பிடிக்காதவர்கள் பழைய கினோமை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். உபுண்டுவும் அதே ஆண்டு யூனிட்டி என்ற புதுத் திரையைத் தன் பயனாளர்மேல் ஏற்றியது, 2017-இல் தானே அதைக் கைவிட்டது. எங்கள் கையில் மூல நிரல் இல்லை. டாலியும், பத்திரிகைக்கு வடிவமைக்கும் மென்பொருளும், பழைய எழுத்துருவில் அடித்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான ஃபைல்களும் எங்களை விண்டோஸிலேயே கட்டிப்போட்டிருக்கின்றன. வேறு கடைக்குப் போக முடியாத வாடிக்கையாளரிடம் கூடுதல் மரியாதை காட்டுவதுதான் எங்கள் ஊர் வியாபார முறை.

விண்டோஸ் 11-இன் ஆண்டு அப்டேட் வழக்கமாக வருடத்தின் பிற்பாதியில் வருகிறது. அதற்கு முன்பே பதில் வேண்டும். முதல் கோரிக்கைக்கும் ஏழாவதற்கும் ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல் போதும். மற்றவற்றுக்குக் கால அட்டவணை கொடுங்கள். பதில் தமிழில் வந்தால் கடைச் சுவரில் ஒட்டிவைப்போம், ஆங்கிலத்தில் வந்தால் நாங்களே தமிழில் அடித்துக்கொள்வோம், அதற்குக் கூலி கேட்க மாட்டோம். திரையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பாக மட்டும் அனுப்ப வேண்டாம். அதற்கு "பிறகு நினைவூட்டு" என்று அழுத்திவிட்டு அடுத்த பத்திரத்தை எடுத்துக்கொள்ள எங்கள் கை எப்போதோ பழகிவிட்டது.