எழுவாய் எங்கே?

மன்னார் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அடுத்து வரவிருந்த திட்டத்தை அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் கைவிட்டது. கனிய மணல் அகழ்வுக்கான முயற்சியோ ஓய்ந்தபாடில்லை. இப்படியொரு திட்டத்தின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு.

அந்தக் கருத்தைத் தமிழில் எழுதும் உரிமை விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஆனாலும் நிபுணர்களின் ஆங்கில அறிக்கையை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க ஊரில் ஆட்கள் வேண்டும். அதற்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு போதாது, இலக்கணம் வேண்டும்.

இத்தகைய அறிக்கைகளுக்குச் செயப்பாட்டு வினை மிகவும் பிடிக்கும். மரங்கள் அகற்றப்படும், பறவைகள் கண்காணிக்கப்படும், பாதிப்பு குறைக்கப்படும். யார் கண்காணிப்பார்? எத்தனை ஆண்டுக்கு? செலவு யாருடையது? செய்பவர் யாரென்று சொல்லாத வாக்கியத்தில் பொறுப்பாளியும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பேசாலை மாணவி ஒருத்தி, ஒரு பக்கக் கோபத்தைவிட வலுவான மூன்று கேள்விகளை எழுதிவிடுவாள்.

தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் இடறும் இடங்களும் தெளிவானவை. “இழுவைப்படகு வந்து வலையை அறுத்து, மூன்று நாள் தொழிலுக்குப் போகாமல் கடன்பட்டோம்” என்று கரையில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அறுத்தது யார், கடன்பட்டது யார் என்பதைச் சூழலும் கடைசி வினையின் விகுதியும் காட்டிவிடும். ஆங்கில வினைக்கு அந்த விகுதி இல்லை. அதை மூன்று வாக்கியமாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாய் கொடுக்காவிட்டால் முறைப்பாடே குழம்பிப்போகும். ‘ஏ’ (a), ‘த’ (the) என்ற சிறு சொற்களும் அப்படித்தான். நண்டு ஏற்றுமதிக் கடிதத்தில் முன்னதைப் போட்டால் ஏதோ ஒரு சரக்கு. பின்னதைப் போட்டால் ஏற்கெனவே பேசி முடித்த சரக்கு. தமிழில் இவற்றுக்கு நேர்ச் சொல் இல்லாததால், தமிழோடு ஒப்பிட்டுக் கற்பித்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். விதிகளை மனப்பாடம் செய்வித்து இதைக் கொண்டுவர முடியாது.

இது நம்மவர்க்கு எட்டாத வித்தை அல்ல. மன்னார் வளைகுடாவின் தெற்கே, கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கையின் ஊர் விவர நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் அதே மொழியில் தந்தார்.

இன்றைய பாடசாலை நிலைமை வேறு. உயர் தரப் பொது ஆங்கிலத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. ஆகவே பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு மருத்துவமோ பொறியியலோ படிக்கப் போய், முதல் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் அறிக்கை எழுத முடியாமல் திணறுகிறார்கள். திறமை குறைந்ததால் அல்ல, எழுதிப் பழகாததால்.

மன்னார் வலயப் பாடசாலைகள் வாரத்தில் ஒரு பாடவேளையை எழுத்துக்கென்றே ஒதுக்கட்டும். மாதிரிக் கட்டுரைகளை விட்டுவிட்டு, ஊருக்கு வரும் உண்மையான அறிவித்தல்களையும் அறிக்கைகளையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவற்றுக்குப் பதில் எழுதப் பழக்குங்கள்.