ஸ்பிரே அடிச்சா வலி போகும், காயம் மாறாது

பெரிய மட்ச் பார்த்த எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு விழுவான். யாரோ ஓடிவந்து ஸ்பிரே அடிப்பார்கள். அவன் நொண்டி நொண்டி எழும்ப, கிரவுண்டே கைதட்டும். நாங்களும் தட்டியிருக்கிறம்.

அந்த ஸ்பிரே தோலைக் குளிரவைத்துக் கொஞ்ச நேரத்துக்கு வலியை மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே கிழிந்த நாரை அது தொடுவதே இல்லை.

கணுக்கால் சுளுக்கை எடுங்கோ. வீக்கம் வத்தினதும் சரி எண்டு விளையாடப் போயிடுவம். ஆனால் ஒருக்காச் சுளுக்கின கால் திரும்பச் சுளுக்கிற வாய்ப்பு அதிகம். நார் தளர்ந்ததோட, கால் எந்தக் கோணத்தில இருக்கு எண்டு மூளைக்குச் சொல்லுற உணர்வும் மழுங்கிப்போயிருக்கும். அதைத் திரும்பப் பழக்கத்தான் இயன்மருத்துவர் பயிற்சி தருகிறார்: ஒற்றைக்காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, பிறகு பாய்ந்து இறங்குவது. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அதனாலதான் ரெண்டு நாளில விட்டிடுறம்.

முழங்கால் இன்னும் கொடுமை. எங்களோட உதைபந்து விளையாடின ஒருத்தி 17 வயதில முழங்கால் பிரண்டு விழுந்தாள். எண்ணெய் பூசி, பண்டேஜ் சுத்தி, மூன்று கிழமையில அரையிறுதிக்கு இறங்கினாள். கோலும் அடிச்சாள். பிறகு ஸ்கேன் எடுத்தபோதுதான் நார் கிழிந்திருப்பது தெரிந்தது. இப்ப படி இறங்கேக்க கைபிடியைப் பிடிக்கிறாள். அவளில பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை. "நீ இல்லாட்டித் தோத்திடுவம்" எண்டு சொன்னது நாங்கள்தான்.

ஏ.சி.எல். எண்ட அந்த நாருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதமாவது பொறுக்கவேணும் எண்டதுதான் இப்போதைய பொதுவான ஆலோசனை. மாதக்கணக்கு மட்டும் காணாது. காயப்பட்ட காலின் பலம் மற்றக் காலுக்குக் கிட்ட வந்திட்டுதா எண்டும் சோதிக்கவேணும். எங்கட ஊரில திரும்பி வாற நாளைத் தீர்மானிக்கிறது எது? அடுத்த மட்ச் திகதி.

அரச ஆஸ்பத்திரியில இயன்மருத்துவம் இலவசம்தானே எண்டு கேட்பியள். உண்மைதான். ஆனால் கிளினிக் நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒண்டு. பஸ் ஏறிப்போய் வரிசையில நிண்டு வர ஒரு நாள் முடிஞ்சிடும். ஒருக்காப் போய்ச் சூடு வைச்சிட்டு வந்து "பிசியோ செய்தாச்சு" எண்டு சொல்லுறம். உண்மையான வைத்தியம், சொல்லித்தந்த பயிற்சியை வீட்டில நாளாந்தம் செய்வதுதான்.

பள்ளிக்கூடங்களிட்டயும் கழகங்களிட்டயும் நாங்கள் கேட்பது பெரிசில்லை. காயப்பட்ட பிள்ளை எப்ப விளையாடலாம் எண்டதைப் பயிற்றுநர் தீர்மானிக்கக் கூடாது. சோதித்துப் பார்த்த இயன்மருத்துவரோ வைத்தியரோ சொல்லவேணும். கிளினிக் போற நாளுக்கு வரவுப் பதிவில சிவப்புக் கோடு போடாதேங்கோ. பயிற்சிக்கு முதல் 20 நிமிடம் ஒதுக்குங்கோ. பீபாவின் '11+' பயிற்சிக்கு விலை கூடின சாமான் ஒண்டும் தேவையில்லை. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எங்களிட்டயும் ஒண்டு கேட்கவேணும். அடுத்தமுறை ஒருத்தர் நொண்டிக்கொண்டு எழும்பினால் கைதட்டுறதில்லை. "வெளியில வா, மட்ச் பிறகும் வரும்" எண்டு கூப்பிடுவம்.