மண்பானையில் ஒரு காணி உறுதி

'சுவாமி, இனி எதை நம்புறது?' இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'செபியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவர எமக்கு மனம் வருவதில்லை.

கி.மு. 587 அளவில் பபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் விழும் என்று உரைத்த இறைவாக்கினர் எரேமியா காவலில் கிடந்தார். அந்நேரத்தில்தான் அவர் தம் ஊரான அனத்தோத்தில் உறவினரின் காணியை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி, அது நெடுநாள் இருக்கும்படி மண்பானையில் வைப்பித்தார். பின்னர், ஏன் இப்படி என்று இறைவனிடமே கலங்கி நின்றார். அம்மண்ணில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதே அவருக்குக் கிடைத்த வாக்கு.

ஆகவே கலக்கம் விசுவாசக் குறைவல்ல. நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருப்பதுமல்ல. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2017 மே முதல் போராடி, 2018 ஏப்ரலில் தாமே படகேறித் தம் தீவில் கால் வைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதை நாம் மறைக்கவில்லை. எரேமியாவும் அக்காணியை உழுததாக வேதம் சொல்லவில்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உறுதி பின்வந்தவர்களுக்காக இருந்தது.

எனவே உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் காத்து வையுங்கள். தொலைந்திருந்தால் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வயலின் எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இரவல் நிலத்தில் விளைந்தாலும் ஒரு பிடி விதைநெல்லை ஒதுக்கி வையுங்கள்.

இவையும் செபமே.